எண், பெயர், வினை: யூனிக்ஸில் பிற செயல்முறைகளை அடையாளம் காணும் வரலாறும் பெங்களூரின் பங்கும்

ஒரு கணினியில் ஒரே பொழுதில் நூற்றுக்கணக்கான நிரல்கள் இயங்கிக்கொண்டிருக்கின்றன. இயக்கத்தில் இருக்கும் நிரலை யூனிக்ஸ் மரபு பிராசஸ் என்று அழைக்கிறது. தமிழில் செயல்முறை என்னும் சொல் அதற்கு வழங்குகிறது. ஒரு செயல்முறை தன்னைப் பற்றி அறிய விரும்பினால் இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். தன்னைத் தவிர வேறு எவை இயங்குகின்றன, அவற்றுள் தான் தேடுவது எது என்று அறிவதுதான் கடினம். இக்கேள்விக்கு யூனிக்ஸ் மரபு ஐம்பது ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைத் தந்துவந்திருக்கிறது. அவற்றுள் மிக முக்கியமான சிலவற்றில், 2001க்கும் 2012க்கும் இடைப்பட்ட காலத்தில், பெங்களூரில் பணியாற்றிய பொறியாளர்களின் பங்கு பெரிது. ஏற்றுமதி வருவாயையும் நிறுவனங்களின் வளர்ச்சியையும் கொண்டே எழுதப்படும் இந்நகரின் கணினி வரலாற்றில் அப்பங்கு அரிதாகவே பேசப்படுகிறது.

இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ளத் தமிழ் இலக்கணம் ஒரு வகைப்பாட்டைத் தருகிறது. காரணமின்றி இட்டு வழங்கும் பெயர் இடுகுறிப்பெயர். மரம், மண் போல்வன. பொருளின் தன்மையைக் கொண்டு அமைவது காரணப்பெயர். நாற்காலி, பறவை போல்வன. இவ்விரண்டிலும் வேறானது வினையாலணையும் பெயர். 'வந்தவன்', 'கேட்டவர்' என்னும்போது ஆளின் பெயர் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் செய்த செயலே அவரைக் குறிக்கிறது. யூனிக்ஸில் ஒரு செயல்முறையை மற்றொன்று அடையாளம் காணும் வழிகளும் ஏறத்தாழ இம்மூன்று வகைக்குள் அடங்குகின்றன. முதலில் எண் இருந்தது. அதனோடு பெயர் சேர்ந்தது. வினையைக் கொண்டு அறியும் வழி பின்னரே முழுமை பெற்றது.

எண் தூய இடுகுறி. புதிய செயல்முறை ஒன்று பிறக்கும்போது கர்னல் அதற்கு அடுத்த வரிசை எண்ணைத் தருகிறது. அந்த எண்ணுக்கும் செயல்முறையின் தன்மைக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. எண்களுக்கு எல்லை உண்டு. லினக்ஸில் நெடுங்காலம் இயல்பான உச்ச எல்லை 32768ஆக இருந்தது. 64-பிட் கணினிகளில் அதை 4194304 வரை உயர்த்தலாம். எல்லையைத் தொட்டதும் எண்ணிக்கை கீழிருந்து மீண்டும் தொடங்கும். இறந்த செயல்முறையின் எண் புதிதாகப் பிறந்த ஒன்றுக்குப் போகும். ஆகவே ஓர் எண் ஒரு கணத்தில் ஒரு செயல்முறையை மட்டுமே குறிக்கும்; ஆனால் காலம் முழுவதும் அதையே குறிக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இயங்கும் செயல்முறைகளைப் பட்டியலிடும் 'பி.எஸ்.' என்னும் கட்டளை பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் மூன்றாம் பதிப்பில், 1973இல், தோன்றியது. அது வேலை செய்த முறை இன்றைய மாணவர்களுக்கு வியப்பளிக்கும். கர்னலிடம் பட்டியல் கேட்பதற்கான வழி எதுவும் அன்று இல்லை. எனவே பி.எஸ்., கர்னலின் நிரல்கோப்பைத் திறந்து, அதிலுள்ள குறியீட்டு அட்டவணையைப் படித்து, செயல்முறை அட்டவணை நினைவகத்தின் எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டறியும். பிறகு கணினியின் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாகக் காட்டும் சாதனக்கோப்பைத் திறந்து, அந்த முகவரிக்குச் சென்று, அங்குள்ள பைட்டுகளைப் பெயர்த்தெடுக்கும். அண்டை வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கதவைத் தட்டிக் கேளாமல், சுவர் வழியே ஊடுருவிப் பார்த்தறிவது போன்றது இது.

இம்முறையால் மூன்று இடர்கள் விளைந்தன. முதலாவது, கர்னலின் உள்ளமைப்பு சற்று மாறினாலும் பி.எஸ்.ஸை மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது; இல்லையேல் அது பொருளற்ற எண்களை அச்சிடும். இரண்டாவது, நினைவகத்தைப் படிக்கும் உரிமை சாதாரணப் பயனருக்குக் கிடையாது என்பதால் பி.எஸ்.ஸுக்குச் சிறப்பு அனுமதி தர வேண்டியிருந்தது. செயல்முறைகளின் பெயரை மட்டும் பார்க்கவேண்டிய நிரல், பிறர் தட்டச்சு செய்த கடவுச்சொல்லைக்கூடப் படிக்கும் ஆற்றலைப் பெற்றது. மூன்றாவது, பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் மாறிக்கொண்டிருந்தது. பி.எஸ். காட்டும் சித்திரம் உண்மைக்கு நெருக்கமானதேயன்றி உண்மையே அன்று என்பதைப் பழைய கையேடு மறைக்கவில்லை. அக்காலத்துக் கணினியைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்த சக ஆய்வாளர்கள் என்பதால் இவ்விடர்கள் பொறுத்துக்கொள்ளப்பட்டன.

1984இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த யூஸ்னிக்ஸ் மாநாட்டில் டாம் கில்லியன் ஒரு கட்டுரை வாசித்தார். செயல்முறைகளையே கோப்புகளாகக் காட்டலாம் என்பது அதன் கருத்து. யூனிக்ஸ் எட்டாம் பதிப்பில் 'பிராக்' என்னும் அடைவு உருவாயிற்று. அதனுள் ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட கோப்பு இருந்தது. யார் இயங்குகிறார்கள் என்று அறிய அந்த அடைவைப் பட்டியலிட்டால் போதும். யாருக்கு எதைப் பார்க்க உரிமை உண்டு என்பதைக் கோப்பு அனுமதிகளே தீர்மானித்தன. ராஜர் ஃபாக்னரும் ரான் கோம்ஸும் இதைச் சிஸ்டம் ஐந்து யூனிக்ஸின் நான்காம் வெளியீட்டில் விரிவாக்கினர். பெல் ஆய்வகத்தின் பிளான் 9 ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி அடைவு தந்து, அதனுள் உரைக்கோப்புகளை வைத்தது. 1992இல் லினக்ஸிலும் பிராக் நுழைந்தது. சுவரை ஊடுருவிய பார்வை, வாசற்கதவில் தொங்கும் பெயர்ப்பலகையைப் படிப்பதாக மாறியது.

கட்டளைகளின் மொழி இதற்கிடையில் இரண்டு கிளைமொழிகளாகப் பிரிந்திருந்தது. பெர்க்லி மரபினர் 'பி.எஸ். ஏ-யூ-எக்ஸ்' என்றும், சிஸ்டம் ஐந்து மரபினர் பி.எஸ்.ஸுக்குப் பின் ஒரு கோடிட்டு 'ஈ-எஃப்' என்றும் எழுதினர். லினக்ஸின் பி.எஸ். இரண்டையும் புரிந்துகொள்கிறது. ஆனால் 'ஏ-யூ-எக்ஸ்' என்பதன் முன் ஒரு கோடு சேர்த்தால், பொதுத் தரத்தின்படி அதன் பொருள் 'எக்ஸ் என்னும் பயனருக்குரியவை' என்றாகிவிடும். இதைவிட ஆபத்தானது 'கில்-ஆல்' என்னும் கட்டளை. லினக்ஸில் அது குறிப்பிட்ட பெயருடைய செயல்முறைகளை மட்டும் நிறுத்தும். சோலாரிஸ் கணினியில் அதே சொல் இயங்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஒரே சொல் இரண்டு வட்டாரங்களில் இரண்டு பொருள் தருவது மொழியியலாளருக்குப் புதிதன்று. இங்கோ அவ்வேறுபாடு ஒரு கணினி முழுவதையும் நிறுத்தக்கூடியது.

எண்ணை நம்ப முடியாதெனில் பெயரை நம்பலாமா? செயல்முறையின் பெயர் ஒரு காரணப்பெயர். பெரும்பாலும் அது இயக்கப்பட்ட நிரல்கோப்பின் பெயரிலிருந்து வருவது. லினக்ஸ் கர்னல் அப்பெயருக்கு 15 பைட்டு இடமே ஒதுக்குகிறது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு தேவை என்பதால் 'தமிழ்' என்னும் சொல் அதில் மிகச்சரியாக அடங்கும். 'பெங்களூர்' அடங்காது, பாதியில் வெட்டுப்படும். ஒரு செயல்முறை தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளவும் முடியும். கர்னலின் உள்வேலைகளைப் பி.எஸ். சதுர அடைப்புக்குறிக்குள் காட்டும். தீங்கு நிரல் ஒன்று அதே வடிவில் தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டால் மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாறுவர். பி.எஸ். தரும் பட்டியலில் ஒரு பெயரைத் தேடும்போது, தேடும் நிரலின் கட்டளை வரியிலேயே அப்பெயர் இருப்பதால், தேடுவதே தேடப்படுவதாகப் பட்டியலில் தோன்றும் வேடிக்கையும் உண்டு.

இக்குறைகளால் நேரும் விபத்து பழமையானது. சேவை நிரல் ஒன்று தொடங்கும்போது தன் எண்ணைச் சிறு கோப்பொன்றில் எழுதி வைக்கும். அது திடீரென இறந்துபோனால் கோப்பு மட்டும் எஞ்சும். சில நாள்களில் அதே எண் வேறொரு செயல்முறைக்குப் போய்ச் சேரும். பின்னர் யாரோ நிறுத்தக் கட்டளையை இயக்க, அது பழைய கோப்பைப் படித்து, தொடர்பற்ற செயல்முறை ஒன்றைக் கொன்றுவிடும். பார்ப்பதற்கும் செயல்படுவதற்கும் இடையில் ஒரு நொடி கடந்தாலும் இத்தவறு நிகழலாம். செயல்முறை பிறந்த நேரத்தையும் எண்ணையும் சேர்த்துச் சரிபார்ப்பது அதைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

இக்கட்டத்தில்தான் பெங்களூர் வருகிறது. நகருக்கும் கணினி வலைக்கும் உள்ள உறவு முந்தையது. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐந்து ஐ.ஐ.டி.களோடும் மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தோடும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பங்கேற்றது. 2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' என்னும் மாநாடு தொடங்கியது. 2005 முதல் அது 'ஃபாஸ்.இன்' என்னும் பெயரில் நடந்தது. அதே காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையம் பல நாடுகளில் பரவியிருந்தது. அதன் இந்தியப் பிரிவின் முக்கிய இடம் பெங்களூர். பெருநிறுவனங்களின் சுமையைத் தாங்கும் கணினியாக லினக்ஸை மாற்றுவதே அம்மையத்தின் பணி. சுமை மிகும்போது எழும் முதல் கேள்வி, 'இதற்குக் காரணமான செயல்முறை எது?' என்பதே.

அதற்கு விடை காண, மாறிக்கொண்டிருக்கும் பட்டியலைத் தடையின்றிப் படிக்க வழி வேண்டும். பழைய கையேடு ஒப்புக்கொண்ட குறை இங்கே மீண்டும் எழுகிறது. பல செயலகங்கள் உள்ள கணினியில் பட்டியலைப் பூட்டிவிட்டுப் படித்தால் மற்ற எல்லாம் காத்திருக்க வேண்டும். பூட்டாமல் படித்தால் படிப்பவரின் கைக்குக் கீழேயே ஒரு பதிவு அழிந்துவிடலாம். ஆர்.சி.யூ. எனப்படும் முறை இதற்கு விடை தந்தது. படிப்பவர் பூட்டின்றிப் படிப்பார். நீக்குபவர் பதிவைப் பட்டியலிலிருந்து விலக்குவார், ஆயினும் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்போர் அனைவரும் முடிக்கும்வரை அதை அழிக்கமாட்டார். பால் மெக்கென்னியோடு இணைந்து இதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் பெங்களூரில் பணியாற்றிய தீபாங்கர் சர்மா. 2002இல் அது கர்னலில் சேர்ந்தது. இன்று பிராக் அடைவு பட்டியலிடப்படும் ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் இவ்வழியே செயல்படுகிறது.

அடுத்தது கேபுரோப்ஸ். இயங்கிக்கொண்டிருக்கும் கர்னலின் ஏதேனும் ஒரு கட்டளையின் இடத்தில் ஒரு நிறுத்தக் குறியை வைப்பது இதன் நுட்பம். எந்தச் செயல்முறை அவ்விடத்தைக் கடந்தாலும் ஆராய்பவரின் சிறு நிரல் ஒன்று விழித்து, கடப்பது யார் என்று குறித்துக்கொள்ளும். பின்னர் மூலக் கட்டளை வழக்கம்போல நிறைவேறும். கணினியை நிறுத்தவோ கர்னலை மீண்டும் தொகுக்கவோ வேண்டியதில்லை. இதன் தொடக்க வடிவத்தை வம்சி கிருஷ்ணா எழுதினார். பிரசன்னா பஞ்சமுகி 2004இல் அதைப் புதுப்பித்தார். அவ்வாண்டு வெளியான 2.6.9 பதிப்பில் அது இடம்பெற்றது. அனந்த் மாவினகாயனஹள்ளி அதைத் தொடர்ந்து பேணினார். இந்தக் கோப்பை அழித்தது எது, இந்த இணைப்பைத் திறந்தது எது என்னும் கேள்விகளுக்கு இதனால் விடை கிடைத்தது. இலக்கணத்தின் சொல்லில் இவை வினையாலணையும் பெயர்கள். திறந்திருக்கும் கோப்பைக் கொண்டு அதை வைத்திருக்கும் செயல்முறையைக் காட்டும் 'ஃபியூசர்', 'எல்சாஃப்' போன்ற கருவிகள் முன்பே இருந்தன. ஆனால் அவை கேட்கும் கணத்தில் இருக்கும் நிலையையே காட்டும். செயல் நிகழும் கணத்திலேயே செய்பவரைப் பிடிக்கும் வழியைக் கேபுரோப்ஸ் தந்தது.

செயலைப் போலவே செயலின்மையும் அடையாளமாகலாம். ஒரு செயல்முறை மெதுவாக இயங்குவது போல் தோன்றும்போது, அது உழைக்கிறதா, காத்திருக்கிறதா என்று பழைய பி.எஸ்.ஸால் தெளிவாகச் சொல்ல இயலாது. சைலப் நாகரும் பல்பீர் சிங்கும் எழுதிய தாமதக் கணக்கு 2006இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. ஒவ்வொரு செயல்முறையும் செயலகத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது, வட்டிலிருந்து தரவு வருவதற்காக எவ்வளவு, வெளியேற்றப்பட்ட நினைவகப் பக்கங்கள் திரும்புவதற்காக எவ்வளவு என்று அது தனித்தனியே கணக்கிடுகிறது. 'காத்திருந்தது' என்பதும் ஒரு வினையாலணையும் பெயர்தானே.

பயனர் நிரல்களுக்கும் இதே நுட்பத்தை நீட்டித்தது யூபுரோப்ஸ். ஸ்ரீகர் துரோணம்ராஜு, ஜிம் கெனிஸ்டன் ஆகியோரின் பெயர்கள் அதன் தலைப்பில் உள்ளன, 2012இல் 3.5 பதிப்பில் அது கர்னலில் ஏற்கப்பட்டது. அதன் வரலாற்றில் ஒரு நுட்பமான திருப்பம் உண்டு. முதல் வடிவங்கள் செயல்முறையின் எண்ணைக் கொண்டு குறிவைத்தன. விவாதங்களுக்குப் பின் எண் கைவிடப்பட்டு, 'இந்தக் கோப்பில் இந்த இடத்தை இயக்குவது எதுவாயினும்' என்னும் முறையில் குறிவைக்கும் வடிவமே ஏற்கப்பட்டது. இன்னும் பிறக்காத செயல்முறையும் அவ்விடத்தை அடையும்போது தானே அகப்படும். இடுகுறியிலிருந்து வினைக்கு நகர்ந்த பயணம் இந்த ஒரு திருத்தத்தில் முழுமையாகத் தெரிகிறது. இன்று பரவலாக வழங்கும் ஈ.பி.பி.எஃப். கருவிகள் பல கேபுரோப்ஸ், யூபுரோப்ஸ் ஆகிய இரண்டின் மீதே நிற்கின்றன.

தனிச் செயல்முறையை அறிந்தால் மட்டும் போதாத நிலையும் வந்தது. ஒரு சேவைக்குப் பல செயல்முறைகள் ஒன்றாக உழைக்கின்றன. அவற்றைக் குழுவாக அறிய வேண்டும். கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோகித் சேத்தும் 2006இல் தொடங்கிய குழுக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் 2.6.24 பதிப்பில் வெளியானது. அதே காலத்தில் செயலக நேரத்தைக் குழுக்களுக்கிடையே நியாயமாகப் பங்கிடும் பகுதியில் ஸ்ரீவத்ச வத்தகிரியும், நினைவக அளவைக் குழுவாரியாகக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தும் பகுதியில் பல்பீர் சிங்கும் பங்களித்தனர். நினைவகம் தீர்ந்தால் எந்தச் செயல்முறை பலியாக வேண்டும் என்னும் கேள்வி, அதுமுதல் வரம்பை மீறிய குழுவுக்குள்ளேயே தீர்க்கப்படலாயிற்று. 2013இல் வந்த டாக்கரும் 2014இல் வந்த குபெர்நெட்டீஸும் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தன.

அதே 2.6.24 பதிப்பு எண்ணின் தன்மையையும் மாற்றியது. எண்களுக்கான பெயர்வெளிகள் வந்தன. ஒரு கன்டெய்னருக்குள் 1 என்னும் எண் பெற்ற செயல்முறைக்கு வெளியே வேறோர் எண் இருக்கும். உள்ளிருப்பது வெளியுள்ளவற்றைக் காணாது. வெளியிருப்பது உள்ளுள்ளவற்றைக் காணும். 'யார் இயங்குகிறார்கள்' என்னும் கேள்விக்கு, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்றாயிற்று.

காணும் உரிமையும் இதனோடு கேள்விக்குள்ளானது. யாருடைய செயல்முறையையும் யாரும் காணலாம் என்பது ஆய்வகத் தோழர்களின் வழக்கம். அறியாத பலர் ஒரே கணினியைப் பகிரும்போது அதுவே ஆபத்து. கட்டளை வரியில் எழுதப்பட்ட கடவுச்சொல் பட்டியலில் எல்லோருக்கும் தெரியும். 2012இல் 3.3 பதிப்பில் வந்த ஒரு தேர்வு, ஒரு பயனர் தம் செயல்முறைகளை மட்டுமே காணும்படி பிராக் அடைவை மாற்ற உதவுகிறது. வினையைக் கண்காணிக்கும் கருவிகளோ இன்னும் ஆழமாக ஊடுருவக்கூடியவை. ஆகவே அவை கணினி நிர்வாகிக்கும் சிறப்பு அனுமதி பெற்றோருக்கும் மட்டுமே திறந்திருக்கின்றன. 1973இல் பி.எஸ்.ஸுக்கு இருந்த சிக்கல், அறிவதற்காகத் தரும் ஆற்றல் அறிய வேண்டியதைவிடப் பெரிதாகிவிடும் சிக்கல், வேறு வடிவில் தொடர்கிறது.

எண்ணின் பழைய குறைக்கு 2019இல்தான் நேரான தீர்வு கிடைத்தது. கிறிஸ்டியன் பிரவுனர் முன்னெடுத்த பிடிஎஃப்டி, செயல்முறையைக் குறிக்கும் ஒரு பிடியைத் தருகிறது. பிடி கையில் இருக்கும்வரை அது அதே செயல்முறையையே குறிக்கும். அச்செயல்முறை இறந்துவிட்டால், பிடி வழியே அனுப்பும் ஆணை தோல்வியடையுமேயன்றி வேறொன்றைச் சென்று தாக்காது. இது பெயருமன்று, வினையுமன்று. விரல் நீட்டி 'இது' என்று காட்டும் சுட்டுக்கு ஒப்பானது.

எண், பெயர், வினை, சுட்டு என்னும் நான்கும் இன்று ஒரே கணினியில் அருகருகே வாழ்கின்றன. எதுவும் மற்றொன்றை அகற்றிவிடவில்லை. ஆயினும் 'உன் எண் என்ன' என்பதிலிருந்து 'நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்பதற்குக் கேள்வி நகர்ந்ததில் பெங்களூரின் பங்கு தெளிவானது. அதற்கான சான்றைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. லினக்ஸ் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. மேற்கண்ட கோப்புகளின் முதல் சில வரிகளில் எழுதியோரின் பெயரும் ஆண்டும் உள்ளன. நகரின் கணினி வரலாற்றை எழுத முனைவோர் நிறுவன ஆண்டறிக்கைகளோடு அவ்வரிகளையும் மூலச்சான்றாகக் கொள்ள வேண்டும்.